சுருளியிடம் சொன்ன இரண்டு ரகசியங்கள்

மலையடிக் காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. அதைக் காட்டுப்பன்றிகள் தங்கள் வசம் வைத்திருந்தன. பொழுது விடிந்ததும் இறங்கிப் புரளும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இறங்கிப் புரளும். கோடை முற்ற முற்றத் தண்ணீர் கூழாகிவிடும். முயலும் மானும் கீரியும் அணிலும் அந்தக் கூழைத்தான் குடித்தாக வேண்டும். குடித்தால் வயிறு கெடும். பெரியவை தாங்கிக்கொள்ளும். குட்டிகள் தாங்காது.

பன்றிகளின் தலைவன் பெயர் கருமுகன். யாராவது வந்து முறையிட்டால், "சேறு உடம்புக்கு நல்லது! எங்களைப் பாருங்கள், நன்றாக இல்லையா?" என்று கேட்பான். கேட்டுவிட்டுப் புரளப் போய்விடுவான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, கொன்றை பூக்கும் காலத்தில், எல்லா விலங்குகளும் வறண்ட ஓடைக்கு வந்து சேரும். மடு பன்றிகளிடமே இருக்கட்டும் என்பவர்கள் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். கூடாது என்பவர்கள் மேற்குக் கரையில் நிற்க வேண்டும். மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்து இருவாச்சிப் பறவை பார்க்கும். எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ அந்தக் கரைக்கு மடு சொந்தம். ஓராண்டுக்கு மறுபேச்சு கிடையாது.

பன்றிகளை எதிர்ப்பவர்கள் ஒரு கட்சி நடத்தினார்கள். தெளிநீர்க் கட்சி என்று பெயர். தோற்றுத் தோற்றுப் பழகிய கட்சி. ஆனால் இந்த ஆண்டு காற்று மாறியிருந்தது. எப்போதும் கருமுகன் பக்கமே நிற்கும் காட்டெருமைகள்கூட, "தண்ணீர் ரொம்பத்தான் நாறுகிறது" என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தன.

"இந்த முறை ஜெயித்துவிடுவோம்!" என்று கட்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லிக்கொண்ட அன்றே கட்சிக்குள் சண்டை ஆரம்பித்தது.

கட்சிக் கூட்டம் நாவல் மரத்தடியில் நடந்தது. முதலில் எழுந்தவள் மின்னி என்ற முயல். சின்ன உடம்பு. பெரிய குரல்.

"நமக்கு முழு மடுவும் வேண்டும்! இனி ஒரு பன்றியின் குளம்பும் அந்தத் தண்ணீரில் படக் கூடாது!"

கீரிகளும் அணில்களும் எம்பிக் குதித்தன. "முழு மடு! முழு மடு!"

அடுத்து எழுந்தவன் கிளையன் என்ற புள்ளிமான். அகலமான கொம்பு. நிதானமான பேச்சு.

"அவசரப்படாதே மின்னி. மடுவின் நடுவில் ஒரு பாறை வரிசை இருக்கிறது. கிழக்குப் பாதி புரள்வதற்கு, மேற்குப் பாதி குடிப்பதற்கு. அப்படிக் கேட்போம். காட்டெருமைகளுக்கும் சேறு வேண்டும். முழு மடு என்று கத்தினால், அவை மிரண்டு கருமுகன் பக்கமே போய்விடும்."

மான்களும் மயில்களும் தலையை ஆட்டின. "பாதி மடு! பாதி மடு!"

மின்னிக்குக் காது விடைத்தது. "பாறை இடுக்கு வழியாகச் சேறு வராதா அண்ணே?"

"வரும். ஆனால் குறைவாக வரும்."

"அப்படியானால் குறைவாகச் சாகலாம் என்கிறீர்கள்!"

"எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லாமல் திரும்பி வரலாம் என்கிறாயா நீ?"

"நீங்கள் எல்லாம் பாதிப் பன்றி!" என்று ஒரு கீரி கத்தியது.

"நீ முழு முட்டாள்!" என்று ஒரு மயில் கத்தியது.

பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

இந்தக் கூச்சலுக்கு நடுவே ஓர் அழுங்கு உட்கார்ந்திருந்தாள். எறும்புதின்னி என்று சிலர் சொல்வார்களே, உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி, அதுதான். அவள் பெயர் சுருளி. பகலில் தூங்கி, இருட்டில் கரையான் தேடும் வழக்கம் உள்ளவள். கூட்டத்துக்காகத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். மின்னி பேசியபோது, 'சரிதானே' என்று அவளுக்குத் தோன்றியது. கிளையன் பேசியபோது, 'இதுவும் சரிதானே' என்று தோன்றியது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. தலை சுற்றினாலும் சரி, பயம் வந்தாலும் சரி, அழுங்குகள் ஒன்றுதான் செய்யும். சுருளி தலையை வயிற்றுக்குள் நுழைத்து, வாலால் மூடி, பந்து போல உருண்டுகொண்டாள்.

அவள் மறுபடி தலையை நீட்டியபோது கூட்டம் அமைதியாக இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டாள்.

"நீதான் இனி கட்சித் தலைவி!" என்றான் கிளையன்.

"நானா? எனக்கு ஒன்றுமே புரியவில்லையே!"

"மின்னி தலைவியானால் என் ஆட்கள் போய்விடுவார்கள். நான் தலைவனானால் அவள் ஆட்கள் போய்விடுவார்கள். நீ ஒருத்திதான் யாரையும் திட்டவில்லை."

"நான் பேசவே இல்லையே!"

"அதுதான் அக்கா வேண்டும்!" என்றாள் மின்னி. அன்று அவளும் கிளையனும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் காலை, சுருளி வளைக்குள் நுழையப் போகும் நேரத்தில் மின்னி வந்தாள்.

"அக்கா, தூங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. நான் ஏன் முழு மடு கேட்கிறேன் தெரியுமா? போன கோடையில் எனக்கு நாலு குட்டி. அந்தத் தண்ணீரைக் குடித்து ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக் குட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனது. பாதிச் சேறு, கால் சேறு என்று யாராவது பேசினால் எனக்கு உடம்பு பதறுகிறது."

சுருளியின் கண்ணில் நீர் வந்தது. "நீ சொல்வது சரி மின்னி," என்றாள்.

மின்னி காதுகளை ஆட்டிக்கொண்டு போனாள். தலைவி தன் பக்கம் என்று நம்பினாள்.

நண்பகலில் கிளையன் வந்து வளை வாசலில் காலைத் தட்டினான். சுருளி தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தாள்.

"தங்கச்சி, என்னைக் கோழை என்று கீரிகள் பேசுகின்றன. முன்பு ஒரு கோடையில் நாங்களும் முழு மடு கேட்டோம். தோற்றோம். தோற்ற கோபத்தில் மடுவை வளைத்துக்கொண்டு நின்றோம். பன்றிகள் கொம்புக்குப் பயப்படவில்லை. என் தம்பியின் வயிற்றைக் கிழித்துவிட்டன. அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நான் ஓடிவந்தேன். கிடைக்கிறதைக் கேட்டு வாங்குவதில் என்ன தப்பு, சொல்லு."

சுருளியின் கண்ணில் மறுபடி நீர் வந்தது. "நீங்கள் சொல்வது சரி அண்ணே," என்றாள்.

கிளையன் தலை நிமிர்ந்து போனான். தலைவி தன் பக்கம் என்று அவனும் நம்பினான்.

சுருளிக்குத் தூக்கம் போய்விட்டது. 'இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் கதையும் என்னை அழவைத்தது. நான் யார் பக்கம்?' என்று கேட்டுப் பார்த்தாள்.  உருண்டுகொண்டாள்.

கொன்றை மரங்கள் மஞ்சளாக மாறத் தொடங்கின. கூடும் நாள் நெருங்கியது. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

மின்னிக்குப் புதிதாகக் குட்டிகள் பிறந்தன. மூன்று. கோடை அந்த ஆண்டு முந்திக்கொண்டது. புல் காய்ந்தது. பாலும் வற்றத் தொடங்கியது. ஒரு விடியலில் அவள் பதுங்கிப் பதுங்கிச் சுருளியிடம் வந்தாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரி, சொல்லு."

"பாதி மடு கேட்போம்."

சுருளிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "நீயா சொல்கிறாய்?"

"என் குட்டிகளுக்கு இந்தக் கோடையிலேயே தண்ணீர் வேண்டும். பாதி கிடைத்தாலும் பிழைத்துவிடும். முழுவதையும் அடுத்த ஆண்டு கேட்கலாம். கிளையன் சொன்னதில் அவ்வளவாவது உண்மை இருக்கிறது. ஆனால் இதை நான் வெளியே சொன்னால் கீரிகள் என்னை உயிரோடு விடாது. பாதிப் பன்றி என்று கூப்பிடும். நான்தானே அதுகளுக்கு அந்தக் கோஷத்தைச் சொல்லிக் கொடுத்தேன்!"

"அப்படியானால் என்ன செய்வது?"

"நீ தலைவி. நீயே முடிவு செய்ததாகச் சொல்லிவிடு. என் பெயர் வரக் கூடாது."

அவள் போன பிறகு வெயில் ஏறியது. கிளையன் வந்தான். அவனும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, இது நமக்குள் இருக்கட்டும்."

"சரி அண்ணே."

"முழு மடு கேட்டுவிடுவோம்."

சுருளி உருண்டுகொள்ளப் பார்த்தாள். கிளையன் முன்காலால் மெல்லத் தடுத்தான். "நான் சொல்வதை முழுக்கக் கேளு. நேற்று மடுவுக்குக் கீழே மேயப் போனேன். பன்றிகளில் மூத்தவள் ஒருத்தி அங்கே நின்றாள். ஓடப் பார்த்தேன். 'பயப்படாதே, உன்னோடு பேச வேண்டும்' என்றாள். அவள் பேரக்குட்டிகளுக்கும் வயிறு சரியில்லையாம். மடுவுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. கரையில் நாலு கல்லைத் தள்ளினால், மழைக்கு வழியும் தண்ணீர் அங்கே போய் நிற்கும். புரள்வதற்கு அந்தச் சேறே போதும் என்கிறாள். மடுவில் யாருமே இறங்க வேண்டாம். கருமுகனுக்குத்தான் மடு வேண்டும். மற்ற பன்றிகளுக்குச் சேறு மட்டும் போதும். நாம் முழு மடு கேட்டால், பெண்பன்றிகள் நம் கரைக்கே வந்துவிடும்!"

"இதைக் கூட்டத்தில் சொல்லலாமே!"

"எப்படிச் சொல்வது? 'பன்றியோடு பேசினாயா?' என்று மான்கள் கேட்கும். 'நாங்கள் சொன்னதைத்தானே இப்போது சொல்கிறாய், இத்தனை நாள் ஏன் எங்களைத் திட்டினாய்?' என்று மின்னி கேட்பாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நீயே முடிவு செய்ததாகச் சொல்லிவிடு."

கிளையன் போய்விட்டான். சுருளி வளை வாசலிலேயே நின்றாள்.

முழுவதும் கேட்டவள் இப்போது பாதி கேட்கிறாள். பாதி கேட்டவன் இப்போது முழுவதும் கேட்கிறான். இருவரும் இடம் மாறி நிற்கிறார்கள். இருவருக்கும் அது தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்ல மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒரு முறை முயன்று பார்த்தாள்.

"மின்னி, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். கிளையன் மனம் மாறினால் என்ன செய்வாய்?"

மின்னி சிரித்தாள். "அவரா? அவர் கொம்பு உதிர்ந்தாலும் உதிரும், மனசு மாறாது!"

கிளையனிடமும் கேட்டாள். "அண்ணே, ஒருவேளை மின்னி விட்டுக்கொடுத்தால்?"

"அவளா? நடக்கிற காரியமாகப் பேசு தங்கச்சி."

சுருளிக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. எதையாவது சொன்னால் ஒருவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் யார் மனமும் நோகாது. சும்மா இருந்தாள்.

கூடும் நாள் வந்தது. கிழக்குக் கரையில் கருமுகனும் அவன் ஆட்களும் நின்றார்கள். மேற்குக் கரையில் தெளிநீர்க் கட்சி நின்றது. காட்டெருமைகள் எந்தக் கரையிலும் ஏறாமல் ஓடை மணலில் நின்றன. அவற்றின் தலைவி பாறையம்மா. பேச்சு குறைந்தவள். அவள் எந்தப் பக்கம் நடக்கிறாளோ, கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் நடக்கும்.

பாறையம்மா மேற்குக் கரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான். எங்கள் தோலில் உண்ணி ஏறினால் சேற்றில் புரண்டால்தான் போகும். நீங்கள் ஜெயித்தால், சேற்றுக்கு நாங்கள் எங்கே போவது?"

எல்லோரும் சுருளியைப் பார்த்தார்கள்.

சுருளி மின்னியைப் பார்த்தாள். மின்னியின் கண், 'பாதி என்று சொல்லு, பாதி என்று சொல்லு' என்று கெஞ்சியது. கிளையனைப் பார்த்தாள். கிளையனின் கண், 'பள்ளம், பள்ளத்தைச் சொல்லு' என்று கெஞ்சியது.

"அது வந்து..." என்றாள் சுருளி. "நாங்கள் முழுவதும் கேட்கிறோம். அதாவது, பாதியை முழுவதாக. இல்லை, முழுவதையும் பாதியாக..."

கிழக்குக் கரையில் பன்றிகள் உறுமி உறுமிச் சிரித்தன.

"என்ன உளறுகிறாள்? முழு மடு!" என்று கீரிகள் கத்தின.

"பாதி மடு!" என்று மான்கள் கத்தின.

கீரிகள் திரும்பி மின்னியைப் பார்த்தன. அவள் வாய் மூடியிருந்தது. "ஏன் அக்கா சும்மா இருக்கிறீர்கள்?" என்று ஒரு கீரி கேட்டது. மின்னி தன் மனசு வெளியே தெரிந்துவிட்டதோ என்று பயந்தாள். உடனே மற்ற எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். "முழு மடு! ஒரு சொட்டுகூட விட மாட்டோம்!"

மான்கள் கிளையனைப் பார்த்தன. அவனுக்கும் அதே பயம் வந்தது. "பாதி மடுதான்! அதற்கு மேல் பேராசை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தும்போதே, 'நான் ஏன் இதைக் கத்துகிறேன்?' என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

சுருளி உருண்டுகொண்டாள்.

கருமுகன் ஓடையின் விளிம்புக்கு வந்தான். "எருமைக் கூட்டமே! அங்கே இரண்டு பதில் கிடைக்கும். என்னிடம் ஒரே பதில். சேறு உண்டு! நேற்றும் உண்டு, நாளையும் உண்டு!"

பாறையம்மா மேற்குக் கரையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக் கிழக்கே நடந்தாள். எருமைகள் எல்லாம் பின்னால் போயின. கிழக்குக் கரையின் ஓரத்தில் பெண்பன்றிகள் சில முன்காலை எடுத்து வைத்திருந்தன. அவையும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டன. மேற்கே அணில்கள் கோபித்துக்கொண்டு மரம் ஏறிவிட்டன. மான்களில் பாதி ஓடைக்குள் இறங்கி, யாரோடும் சேராமல் படுத்துக்கொண்டன.

இருவாச்சி மருத மரத்து உச்சியிலிருந்து குரல் கொடுத்தது. "கிழக்கு!"

அந்தக் கோடை பொல்லாத கோடை. மடு சுருங்கிச் சுருங்கிக் கறுத்தது. மின்னியின் மூன்று குட்டிகளில் இரண்டு எப்படியோ தாங்கின. கடைசிக் குட்டி தாங்கவில்லை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்த குட்டி அது. மின்னி அதை ஒரு புதருக்குள் கிடத்தி, இலை போட்டு மூடினாள். அன்று அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து மின்னி மடுவுக்கு வந்தாள். குடிக்க வேறு தண்ணீர் இல்லை. சற்றுத் தள்ளிக் கிளையன் நின்றிருந்தான்.  கரையோரம் சுருளியும் இருந்தாள். வெயிலில் அவளுக்கும் தாகம்.

அப்போது அந்த மூத்த பெண்பன்றி கிளையனிடம் வந்தாள்.

"ஏனப்பா, நீ முழு மடு கேட்பாய் என்றல்லவா நினைத்தேன்? எங்களில் பலர் உங்கள் கரைக்கு வரத் தயாராகத்தான் நின்றோம். மழைத் தண்ணீரைக் கீழே உள்ள பள்ளத்துக்குத் திருப்பி அங்கேயே புரளலாம் என்ற ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தோம். நீயே எழுந்து பாதி மடு என்று கத்தினாய். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிவிட்டோம்."

மின்னி தண்ணீரிலிருந்து முகத்தைத் தூக்கினாள்.

"நீங்கள் முழு மடு கேட்க நினைத்தீர்களா?"

கிளையன் தலை குனிந்தான். "ஆமாம்."

"நான் பாதி போதும் என்று நினைத்தேன்," என்றாள் மின்னி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். எங்கேயோ வழி தவறிவிட்டு, எங்கே தவறினோம் என்று தெரியாதவர்கள் போல நின்றார்கள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை அண்ணே?"

"சொன்னால் நீ கத்துவாய் என்று நினைத்தேன். 'பார், கிளையனே ஒப்புக்கொண்டான்' என்று காடு முழுக்கக் கத்துவாய்."

"கத்தியிருப்பேன்," என்றாள் மின்னி. "கத்தி முடித்த பிறகு பள்ளம் எங்கே என்று கேட்டிருப்பேன்." அவள் கலங்கிய தண்ணீரைப் பார்த்தாள். "இந்தக் கோடைக்குப் பாதி மடு. அதற்குள் பள்ளத்தைத் தயார் செய்தால், மழைக்குப் பிறகு முழு மடு. பாறையம்மாவுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருந்திருக்கிறது. பாதி உங்களிடம் இருந்தது. பாதி என்னிடம் இருந்தது."

"இரண்டும் சுருளியிடம் இருந்தது," என்றான் கிளையன்.

இருவரும் திரும்பினார்கள். சுருளி பந்தாக உருண்டு கிடந்தாள். 

"அக்கா, தலையை எடு," என்றாள் மின்னி.

சுருளி மெல்லத் தலையை நீட்டினாள். "நீ சொல்லாதே என்றாய். அண்ணனும் சொல்லாதே என்றார். நான் யாரையும் நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பொட்டுக்குட்டி போய்விட்டதே!"

அவளைத் திட்ட இருவருக்கும் வாய் வரவில்லை. திட்டினால் அந்தத் திட்டில் பாதி தங்களுக்கும் சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு கொன்றை பூப்பதற்கு வெகு முன்பே நாவல் மரத்தடியில் கூட்டம் கூடியது. சுருளி முதல் முறையாகத் தானாகவே எழுந்து பேசினாள்.

"இனி யாரும் என் வளைக்கு வந்து ரகசியம் சொல்லக் கூடாது! சொல்வதை இங்கே, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் நான் அதைக் கூட்டத்தில் சொல்லிவிடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்!"

மின்னி எழுந்தாள். "போன ஆண்டு நான் மனம் மாறினேன். உங்களுக்குப் பயந்து மறைத்தேன்," என்றாள்.

"பாதிப் பன்றி!" என்று அதே கீரி கத்தியது.

மின்னியின் காதுகள் நடுங்கின. ஆனால் அவள் உட்காரவில்லை. "கூப்பிட்டுக்கொள். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கூப்பிடு!"

கிளையனும் எழுந்தான். பன்றியோடு பேசியதைச் சொன்னான். மான்கள் முறைத்தன. மயில்கள் ஏசின. அவனும் உட்காரவில்லை.

சண்டை குறைந்ததா என்றால் இல்லை. முன்பைவிட அதிகமானது. பள்ளத்தை எவ்வளவு ஆழப்படுத்துவது என்று ஒரு சண்டை. பாறை இடுக்கை எதைக் கொண்டு அடைப்பது என்று ஒரு சண்டை. காலையில் முழு மடு என்ற கீரி, மாலையில் பாதி மடு என்றது. ஒரு மயில் யார் பேசினாலும் ஆமாம் போட்டது. யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆனால் எல்லாச் சண்டையும் நாவல் மரத்தடியிலேயே நடந்தது. யாரும் பதுங்கிப் பதுங்கி எங்கேயும் போகவில்லை.

கூடும் நாளில் பாறையம்மா ஓடை மணலில் வந்து நின்றாள். அதே கேள்வியைக் கேட்டாள்.

சுருளிக்குத் தலை சுற்றியது. வயிற்றுக்குள் தலையை நுழைக்கலாமா என்று இருந்தது. இருந்தாலும் பேசினாள். "இந்தக் கோடைக்குக் கிழக்குப் பாதியில் புரளுங்கள். மேற்குப் பாதியில் நாங்கள் குடிக்கிறோம். நீங்களும் குடிக்கலாம். மடுவுக்குக் கீழே உள்ள பள்ளத்தை எல்லோரும் சேர்ந்து மிதித்து ஆழப்படுத்துவோம். மழை வந்தால் அங்கே உங்களுக்கு வேண்டிய சேறு இருக்கும். பிறகு மடு முழுவதும் குடிப்பதற்கு."

"இதை உங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டார்களா?" என்று பாறையம்மா கேட்டாள்.

"சண்டை போட்டு ஒத்துக்கொண்டார்கள்."

"சேறு என்னிடம்தான் இருக்கிறது!" என்று கருமுகன் கத்தினான். அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே மூத்த பெண்பன்றி ஓடையில் இறங்கினாள். பேரக்குட்டிகள் வரிசையாகப் பின்னால் வந்தன. நேராக மேற்குக் கரையில் ஏறினாள். அவளைப் பார்த்துவிட்டுப் பாறையம்மாவும் மேற்கே நடந்தாள்.

"மேற்கு!" என்றது இருவாச்சி.

அந்தக் கோடையில் மேற்குப் பாதி ஓரளவு தெளிந்தது. மழைக்குப் பிறகு பள்ளம் நிறைந்தது. எருமைகளும் பன்றிகளும் அங்கே போய்ப் புரண்டன. கருமுகன் மட்டும் மடுவின் கரையில் சில நாள் தனியாக நின்று பார்த்தான். பிறகு அவனும் பள்ளத்துக்குப் போனான்.

ஒரு நாள் மடு அடிவரை தெரிந்தது. விலங்குகள் எல்லாம் குடிக்க வந்தன.

"கடைசியில் என் யோசனைதான் ஜெயித்தது! முழு மடு!" என்றாள் மின்னி.

"பாதியிலிருந்து ஆரம்பித்ததால்தானே?" என்றான் கிளையன்.

"அக்கா, நீ சொல்லு, யார் யோசனை ஜெயித்தது?"

சுருளி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்குக் குழப்பம்தான் வந்தது. "தெரியவில்லையே!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

மின்னி வளர்ந்துவிட்ட தன் இரண்டு குட்டிகளையும் தண்ணீர் ஓரத்தில் விட்டாள். அவை குடித்தன. அவள் குடிக்கவில்லை. குட்டிகளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளையனும் குடிக்காமல் நின்றான். வெகு நேரம் கழித்து அவள் குனிந்தாள். அதன் பிறகுதான் அவனும் குனிந்தான்.

ஒரே அணியில் இருப்பவர்கள் தங்கள் மனமாற்றத்தைச் சொந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஒருவருக்கொருவர் மறைத்தால், எதிரி ஒன்றும் செய்யாமலே ஜெயித்துவிடுவான்.